தடுப்பதும் சார்ஜரின் வேலைதான்

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் சார்ஜர் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஒண்டிக்கடைப் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர்களுக்கும், நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை போன்ற ஊர்களில் வீட்டிலேயே ஒரு மேசையும் சால்டரிங் அயர்னும் வைத்து வேலை செய்பவர்களுக்கும், காபித் தோட்டங்களில் மோட்டாரும் வயரிங்கும் பார்ப்பதோடு ஸ்பிரேயர் சார்ஜரையும் திறந்து பார்க்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். பேட்டரி சார்ஜருக்கு வேலை இரண்டு. பேட்டரிக்கு வேண்டிய மின்சாரத்தை அளவாகக் கொடுப்பது ஒன்று. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைக் கைக்கும் பேட்டரிக்கும் போகவிடாமல் தடுப்பது மற்றொன்று. கொடுக்கும் வேலை நின்றால் உடனே தெரிந்துவிடும். விளக்கு எரியாது, பேட்டரி ஏறாது, உரிமையாளர் உங்களைத் தேடி வருவார். தடுக்கும் வேலை நின்றால் யாருக்கும் தெரியாது. விளக்கு வழக்கம்போல எரியும், பேட்டரியும் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் அந்த ஒயரைத் தொடும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அதனால்தான் சொல்கிறேன்: ‘சார்ஜ் ஏறுது’ என்பது பழுது தீர்ந்ததற்குச் சான்று ஆகாது. அது பாதி வேலைக்கு மட்டுமே சான்று.

பழுது பார்க்கவே கூடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் உள்ளே தள்ளி இருக்கின்றன கிராமங்கள். இலைத்துரு நோய்க்காக மழைக்கு முன் காபிச் செடிக்குப் போர்டோ கலவை அடிக்கும் நாட்களில் ஸ்பிரேயர் சார்ஜர் நின்றுபோனால், அதற்காக ஒருவர் கீழே இறங்கி ஏறுவது ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசே 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. புதிய மின்னணுக் கழிவு விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டன. மலையில் குப்பையாகக் குவியும் சார்ஜர்களைக் குறைப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் தொழில் வேண்டும். அது பாதியில் நிற்கக் கூடாது என்பதே என் வாதம்.

முதலில் உங்கள் உயிரைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் தடுப்பு இல்லாத இடத்தில் கை வைப்பவர்கள் நீங்கள். இன்றைய சார்ஜர்களில் பெரும்பாலானவை எஸ்எம்பிஎஸ் வகை. 230 வோல்ட் உள்ளே வந்ததும் நான்கு டயோடுகளில் நேர் மின்சாரமாகி, 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட பெரிய கெபாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கும். நன்றாக ஓடும் சார்ஜரில் உள்ளிருக்கும் சுற்றே அதை உறிஞ்சிக் காலி செய்துவிடும். ஐசியைத் தொடங்கிவைக்கும் ரெசிஸ்டர் அறுந்து நின்றுபோன சார்ஜரில் அதை உறிஞ்ச ஆள் இல்லை. ஆக, செத்துப்போனதாக உங்கள் மேசைக்கு வரும் சார்ஜர், ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரைவிட உங்களுக்கு அதிக ஆபத்தானது. 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் அந்த அழுத்தத்தில் 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் தேங்கியிருக்கும், மின்ஸ்கூட்டர் சார்ஜரில் அதைப்போலப் பல மடங்கு. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை என்பது இங்கே செல்லாது. டெஸ்டர் எரிய வேண்டுமானால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போய்ச் சுற்று முழுமையாக வேண்டும். கழற்றி வைத்த போர்டில் அந்தச் சுற்று இல்லை, எனவே 325 வோல்ட் நிற்கும்போதும் டெஸ்டர் இருண்டே கிடக்கும். மல்டிமீட்டரை நேர் மின்சாரத்துக்கு 600 வோல்ட் அல்லது 1000 வோல்ட் அளவில் வைத்து கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் அளப்பதுதான் வழி. அளப்பதற்கு முன் மீட்டர் ஒயர் ஆம்பியர் துளையில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸ் கிடையாது.

ஸ்குரூடிரைவரால் கெபாசிட்டரின் கால்களை ஒட்டவைத்துப் பொறி பறக்க விடும் பழக்கம் பல கடைகளில் உண்டு. பொறி கண்ணில் தெறிக்கும், போர்டின் செப்புத் தடம் பெயரும், கெபாசிட்டரும் உள்ளே காயப்படும். அதற்குப் பதிலாக, 10 கிலோஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றுக்கு நன்கு இன்சுலேஷன் செய்த ஒயர் இரண்டை இணைத்து அவற்றைக் கெபாசிட்டரின் கால்களில் வைத்தால், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 5 வினாடியில் 3 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். பெரிய கெபாசிட்டர் என்றால் அதற்கேற்ப நேரம் கொடுங்கள். பிறகு ஒருமுறை அளந்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் அளக்க வேண்டும், ஏனென்றால் கெபாசிட்டர் கொஞ்சம் அழுத்தத்தைத் தானாக மீட்டுக்கொள்ளும். இத்தனையும் ஒரு நிமிட வேலை.

அடுத்தது, ஏன் போயிற்று என்ற கேள்வி. இந்த மலையில் சார்ஜர்கள் தற்செயலாகப் போவதில்லை. சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்து நியூட்ரல் அறுந்தால், ஒற்றை பேஸ் வீடுகளுக்கு 400 வோல்ட் வரை வந்துவிடும். கெபாசிட்டரில் அது 560 வோல்ட்டைத் தாண்டும், 450 வோல்ட் கெபாசிட்டர் தாங்காது. கோடை மழையின் இடி மின்னல், நுழைவாயிலில் நீலமாகவோ மஞ்சளாகவோ வட்டமாக நிற்கும் எம்ஓவியைச் சிதறடிக்கும். ஸ்பிரேயரின் சார்ஜிங் சாக்கெட்டில் ஒட்டிய போர்டோ கலவையின் மயில்துத்தம் ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும், பித்தளையை அரிக்கும். மூடுபனிக் காலத்தில் சார்ஜருக்குள் ஈரம் படிகிறது, அந்த ஈரத்தில் தூசியும் எறும்பும் சேர்ந்தால் போர்டின் மேல் மின்சாரம் ஊர்ந்து போகப் பாதை கிடைக்கிறது. இவற்றில் எது காரணம் என்று பார்க்காமல் போன உதிரியை மட்டும் மாற்றிக் கொடுத்தால், வாடிக்கையாளர் வீட்டில் அறுந்த நியூட்ரல் அப்படியேதான் இருக்கும். அவர் வீட்டு பல்பு சில நேரம் அதிகப் பிரகாசமாக எரிகிறதா என்ற ஒரு கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடும்.

பியூஸ் நிறையச் சொல்லும், கேட்பதற்குப் பொறுமை வேண்டும். கண்ணாடிக் குழாய் தெளிவாக இருந்து நடுவில் மட்டும் இழை உருகியிருந்தால் லேசான மிகைச் சுமை. உட்புறம் கருத்து வெள்ளி பூசியது போலிருந்தால் உள்ளே நேரடி ஷார்ட். டயோடு, மாஸ்ஃபெட், எம்ஓவி மூன்றையும் அளக்காமல் புதுப் பியூஸ் போட்டால் அதுவும் வெடிக்கும். அப்போது பலரும் கையில் எடுப்பது ஒயரிலிருந்து பிரித்த ஒரு செப்பு இழை. 0.2 மில்லிமீட்டர் இழை உருகுவதற்கு ஏறக்குறைய 7 ஆம்பியர் வேண்டும். ஸ்பிரேயர் சார்ஜரில் இருப்பதோ 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ். சார்ஜர் அன்றைக்கு ஓடிவிடும், கொடுக்கும் வேலை நடந்துவிடும். அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது பியூசுக்குப் பதிலாகப் போர்டு எரியும். இழையைச் சுற்றுவது பழுது நீக்கமே ஆகாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுப் பாருங்கள். ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது, விடாமல் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு அரிதாகி வருவதால் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சீரிஸ் பல்பு போர்டைத்தான் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. அது எரியும்போதும் போர்டின் ஒரு பாதி சுவர் மின்சாரத்தோடு நேராக இணைந்தே இருக்கிறது.

என் வாதத்தின் மையம் இனிமேல்தான். போர்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் செப்பே இல்லாத ஓர் இடைவெளி ஓடும். அந்தப் பக்கம் சுவர் மின்சாரம், இந்தப் பக்கம் பேட்டரி. அந்த இடைவெளியைத் தாண்டி நிற்க அனுமதி பெற்றவை மூன்றே: டிரான்ஸ்பார்மர், பிசி 817 போன்ற ஆப்டோகப்ளர், ஒய் வகை என்று முத்திரை குத்திய சின்ன நீலக் கெபாசிட்டர். மலைப்பாதை வளைவில் கட்டிய தடுப்புச் சுவரைப்போல, வண்டி சறுக்காதவரை இவை அங்கே இருப்பது யார் கவனத்துக்கும் வருவதில்லை. ஒய் கெபாசிட்டருக்கு ஒரு தனிக் கட்டாயம் உண்டு: அது கெட்டாலும் ஷார்ட் ஆகும்படி கெடக் கூடாது என்று கருதிச் செய்யப்படுவது. 2.2 நானோஃபாரட் அளவுள்ள நல்ல ஒய் கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட்டில் 0.2 மில்லியம்பியரும் வராது. அதனால்தான் சில சார்ஜர்களைத் தொட்டால் லேசாகக் கூசுவதோடு நிற்கிறது. அதே இடத்தில், அதே நிறத்தில், அதே அளவில் பழைய டிவி போர்டிலிருந்து எடுத்த சாதாரண 1 கிலோவோல்ட் டிஸ்க் கெபாசிட்டரைப் போட்டாலும் சார்ஜர் நன்றாகவே ஓடும். ஒரு மின்னலில் அது ஷார்ட் ஆனால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரில் 230 வோல்ட் வந்து நிற்கும். சார்ஜில் இருக்கும் ஸ்பிரேயரைத் தொடும் தொழிலாளிக்கு முன்னறிவிப்பு ஏதும் கிடைக்காது. ஆப்டோகப்ளருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு ஓடவைப்பதும், எரிந்து கருகிய இடைவெளியைச் சுத்தம் செய்யாமல் மேலே பசை பூசுவதும் இதே குற்றம்தான். கருகிய போர்டு கரியாகிவிட்டது, கரி மின்சாரத்தைக் கடத்தும். அந்த இடத்தை முழுதாகச் சுரண்டி எடுக்க முடியாவிட்டால் போர்டைக் கைவிடுங்கள்.

தடுப்பே இல்லாமல் விற்கப்படும் பொருளும் உண்டு. காட்டெருமை பயத்தால் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் மலிவான ரீசார்ஜபிள் டார்ச்சுகளிலும் எமர்ஜென்சி விளக்குகளிலும் பல, டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒரே ஒரு கெபாசிட்டர் வழியாகச் சுவர் மின்சாரத்தைக் குறைத்து 4 வோல்ட் பேட்டரிக்கு அனுப்புகின்றன. சார்ஜ் ஏறும்போது அந்தப் பேட்டரியும் எல்இடியும் ஸ்விட்சும் எல்லாமே சுவர் மின்சாரத்தில் மிதக்கின்றன. பிளாஸ்டிக் கூடு ஒன்றுதான் காவல். உடைந்த கூட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுப்பது, உலோக ஸ்விட்சை மாற்றிப் போடுவது இரண்டும் அந்த ஒரே காவலையும் நீக்கிவிடும். அந்தக் கெபாசிட்டருக்குப் பக்கத்திலிருக்கும் ரெசிஸ்டர் அறுந்தால், கழற்றிய டார்ச்சின் இரண்டு பின்களைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். பிள்ளைகள் கையில் புழங்கும் பொருள் இது. கூடு உடைந்த டார்ச்சை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

சோதனை எப்படி? மல்டிமீட்டரின் ஓம் அளவு இதற்குப் போதாது. அது கொடுப்பது சில வோல்ட், தடுப்பு உடைவதோ நூற்றுக்கணக்கான வோல்ட்டில். வயரிங் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் இருந்தால் போதும். பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாக இணைத்து ஒரு முனையிலும், வெளியே வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் இணைத்து மறு முனையிலும் வைத்து அளக்க வேண்டும். நல்ல சார்ஜர் பல மெகாஓமைக் காட்டும். கிலோஓமில் வந்தால் ஈரமா, கரியா, ஷார்ட் ஆன கெபாசிட்டரா என்று தேடுங்கள். மெக்கர் வாங்கக் கட்டாதென்றால் நாலைந்து கடைகள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தோட்டங்களில் எலக்ட்ரீஷியனிடம் அது இருக்கும்.

பேட்டரிப் பக்கத்துத் தடுப்பு என்பது அளவு மீறாமல் நிற்பது. 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஏறும்போது 14.4 வோல்ட் அளவும், நிறைந்தபின் 13.5க்கும் 13.8க்கும் இடையிலும் இருக்க வேண்டும். டிஎல் 431 ஐசியோ ஆப்டோகப்ளரோ கெட்டால் இந்தப் பிடி தளர்ந்து வோல்ட் ஏறிக்கொண்டே போகலாம். பேட்டரி கொதிக்கும், ஹைட்ரஜன் வெளிவரும், மூடிய அறையில் காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். எனவே திருப்பிக் கொடுக்கும் முன் வாகன இண்டிகேட்டரின் 21 வாட் பல்பைச் சுமையாகப் போட்டு ஒருமுறையும், நிறைந்த பேட்டரியோடு ஒருமுறையும் அளக்க வேண்டும். சேலத்தைவிட இங்கே குளிர் அதிகம். 10 டிகிரி குறைந்தால் 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 0.2 வோல்ட் கூடுதலாகக் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காக உள்ளிருக்கும் பிரீசெட்டைத் திருகுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே சார்ஜர் நாளை சேலத்து வெயிலில் ஓடக்கூடும்.

லித்தியம் என்றால் கண்டிப்பு இன்னும் கூட வேண்டும். சந்தையில் 48 வோல்ட் என்றே விற்கும் இரண்டு வகை உண்டு. 13 செல் கொண்ட ஒன்றின் உச்சம் 54.6 வோல்ட், 16 செல் கொண்ட பாஸ்பேட் வகையின் உச்சம் 58.4 வோல்ட். இரண்டின் பிளக்கும் ஒன்றுபோல இருக்கலாம். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதற்கு மாட்டினால் 4.2 வோல்ட் தாங்கும் செல்லுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட் போகும். பிறகு பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் ஒன்றை நம்பித்தான் வீடு தூங்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அது பழுது பார்த்த சார்ஜரால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. உறங்கும் வீட்டுக்குள் சார்ஜ் ஏறும்போது என்ன பணயம் வைக்கப்படுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டுத் தீ விபத்துகளுக்குப் பிறகு மின்வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. பேட்டரியோடு சேர்த்து சார்ஜருக்கும் அது நிபந்தனை வைத்தது.

‘இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலயே’ என்பது நான் எதிர்பார்க்கும் முதல் மறுப்பு. தடுப்பு என்பது இரண்டாவது தவறு நேரும்போது மட்டும் வேலை செய்வது. முதல் தவறு உங்கள் மேசையில் நடக்கிறது. இரண்டாவது, ஈரத் தரையாகவோ மின்னலாகவோ, என்றைக்கோ வருகிறது. இடையில் கழியும் ஆண்டுகள் எதையும் நிரூபிப்பதில்லை. விபத்து நேர்ந்தாலும் அது மின்கசிவு என்று எழுதப்படுமே தவிர, மாற்றிப் போட்ட கெபாசிட்டர் என்று எழுதப்படாது. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. உங்களுக்குச் செய்தி வராததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. அது கட்டாயம் வேண்டும், இந்த மலைக்கு இன்னும் அதிகமாக வேண்டும். சார்னோக்கைட் பாறையில் எர்த் பைப் ஆழமாக இறங்குவதில்லை. எர்த் தடை 50 ஓம் இருந்தால், உடல் முழுக்க பேஸ் வந்த கருவியிலிருந்து 4.6 ஆம்பியர்தான் தரைக்குப் போகும், மெயின் பியூஸ் அசையாது. 30 மில்லியம்பியர் ஈஎல்சிபியோ உடனே விழும். ஆனால் பிளக்கைக் கழற்றிய சார்ஜரின் கெபாசிட்டர் உங்களை அடிக்கும்போது ஈஎல்சிபிக்கு அதில் சம்பந்தமே இல்லை. போர்டின் இரண்டு புள்ளிகளை இரண்டு கைகளால் தொட்டாலும், தரைக்கு மின்சாரம் போகாதவரை அதற்குத் தெரியாது. அதை நம்பி மற்றதைக் கைவிட முடியாது.

கூலி போதாது என்பதே நேர்மையான மறுப்பு. சார்ஜர் பழுதுக்கு வாடிக்கையாளர் கொடுப்பது குறைவு, சோதனைக்கு அவர் தனியாகப் பணம் தர மாட்டார். உதிரிகளின் விலை தடையாக இல்லை. ஒய் கெபாசிட்டரும் சரியான பியூசும் சில ரூபாய்தான், சேலத்துக்குப் போகும்போது மொத்தமாக வாங்கி வைக்கலாம். போவது நேரம். அந்த நேரத்துக்குக் கூலியைக் கூட்டிக் கேளுங்கள், கேட்பது நியாயம். தோட்ட உரிமையாளர்களும் விடுதி நடத்துபவர்களும் இந்த மடலைப் படித்தால், குறைந்த கூலிக்கு ஓட்டிக் கொடுப்பவரைத் தேடாமல் அளந்து கொடுப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்த சார்ஜரைப் பிடிக்கப்போவது அவர்களுடைய தொழிலாளியின் கை.

சிலவற்றைத் தொடாமல் விடுவதும் உங்கள் வேலையே. ஒட்டி மூடிய செல்போன் சார்ஜரை உடைத்துத் திறந்தால் அந்தக் கூட்டை மறுபடி பழைய உறுதியோடு மூட முடியாது. அதற்கு பிஐஎஸ் பதிவு எண் உள்ள புதியதை வாங்கச் சொல்லுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியோடு வரும் சார்ஜரை ஓட்டிப் பார்க்காதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டித் தரச் சொல்பவருக்கு மறுத்துவிடுங்கள்.

மீதியெல்லாம் உங்கள் கையால் ஓடட்டும். அடுத்து ஒரு சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என்ன மாற்றினீர்கள், சுமையில் எத்தனை வோல்ட், மெக்கரில் எத்தனை மெகாஓம், தேதி என்ன என்று எழுதி, கீழே உங்கள் கடைப் பெயரையும் போடுங்கள்.